டான் டோக் செங்: துறைமுக நகரில் ஒரு சீன வணிகர் விட்டுச்சென்ற மருத்துவமனை

சிங்கப்பூரின் நொவீனா பகுதியில் உள்ள டான் டோக் செங் மருத்துவமனை, அந்நாட்டின் மிகப் பெரிய பொது மருத்துவமனைகளுள் ஒன்றாகும். 2003ஆம் ஆண்டில் சார்ஸ் தொற்று பரவியபோது, நோயாளிகளை ஒரே இடத்தில் தனிமைப்படுத்திச் சிகிச்சை அளிப்பதற்காக அந்நாட்டு அரசு தேர்ந்தெடுத்த மருத்துவமனையும் இதுவே. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் உச்சரிக்கும் இப்பெயருக்கு உரியவர், 1819ஆம் ஆண்டில் காய்கறியும் கோழியும் விற்கச் சிங்கப்பூருக்கு வந்த ஓர் இளைஞர்.

கிழக்கிந்திய கம்பெனியின் ஆட்சியில் இருந்த அத்துறைமுக நகரம், கொல்கத்தாவிலிருந்து நிர்வகிக்கப்பட்ட காலம் அது. நகரின் செல்வத்தைப் பெருக்கிய கூலித் தொழிலாளர்கள் நோயுற்றால் அவர்களைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அன்றைய நிர்வாகத்திடம் தெளிவான விடை இல்லை. அந்த இடைவெளியில்தான் டான் டோக் செங்கின் மருத்துவமனை தோன்றியது. அதன் தோற்றத்தையும், ஒருவரின் நன்கொடை 180 ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்கான காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு

டான் டோக் செங் 1798ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார். சீன வழக்கப்படி 'டான்' என்பது குடும்பப் பெயர். தந்தை தென் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து குடியேறியவர். தாய், மலாக்காவிலேயே பல தலைமுறைகளாக வாழ்ந்து மலாய்ப் பழக்கவழக்கங்களை ஏற்றுக்கொண்ட பெரானாக்கான் சீனச் சமூகத்தைச் சேர்ந்தவர்.

1819ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கம்பெனியின் வணிக நிலையத்தை நிறுவினார். அப்போது தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,000 மட்டுமே. இறக்குமதி, ஏற்றுமதிப் பொருள்களுக்குச் சுங்கவரி கிடையாது என்ற அறிவிப்பு, சுற்றுவட்டார வணிகர்களைச் சிங்கப்பூரை நோக்கி ஈர்த்தது. அவ்வாறு மலாக்காவிலிருந்து வந்தவர்களுள் 21 வயதான டோக் செங்கும் ஒருவர்.

தீவின் உட்பகுதிகளில் காய்கறி, பழம், கோழி ஆகியவற்றை வாங்கி நகரில் விற்பதே அவரது முதல் தொழிலாக இருந்தது. சில ஆண்டுகள் சேமித்த பணத்தைக் கொண்டு, 1827ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றின் கரையில் கடை ஒன்றைத் திறந்தார். பின்னர் ஷா ஒயிட்ஹெட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜே.எச். ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேய வணிகருடன் கூட்டுச் சேர்ந்து நிலங்களை வாங்கி விற்றார். வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரில் அவரது சொத்தின் பெரும்பகுதி இந்த நில வணிகத்தில்தான் சேர்ந்தது.

சீனக் குடியேறிகளிடையே எழும் வழக்குகளைப் பேசித் தீர்த்துவைப்பவராகவும், ஆதரவற்று இறந்தவர்களின் அடக்கச் செலவை ஏற்பவராகவும் அவர் அறியப்பட்டார். ஆளுநர் பட்டர்வொர்த் அவரைச் சமாதான நீதிபதியாக நியமித்தார். சிங்கப்பூரில் அப்பதவியைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

குத்தகை வருவாயும் கூலிகளின் நிலையும்

டோக் செங்கின் நன்கொடையின் முக்கியத்துவத்தை உணர, அன்றைய சிங்கப்பூரின் வரவு செலவு முறையை அறிவது அவசியம்.

சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால், நிர்வாகச் செலவுக்கான பணத்தைக் கம்பெனி வேறு வழிகளில் திரட்டியது. அபினி, சாராயம் போன்றவற்றை விற்கும் தனியுரிமையை ஏலம் விட்டு, அதிகத் தொகை கேட்பவருக்குக் குத்தகைக்குக் கொடுப்பதே அம்முறை. இவற்றுள் அபினிக் குத்தகையே மிகப் பெரிய வருவாய் இனமாக விளங்கியது. அந்த அபினியும் இந்தியாவிலிருந்தே சென்றது. பீகார், வாரணாசிப் பகுதிகளில் கம்பெனியின் ஏகபோகத்தின்கீழ் விளைவிக்கப்பட்ட அபினி, கொல்கத்தாவில் பெட்டி பெட்டியாக ஏலம் விடப்பட்டுக் கிழக்கு நோக்கிக் கப்பலேறியது.

அதைச் சிங்கப்பூரில் வாங்கிப் புகைத்தவர்களில் பெரும்பாலோர் சீனக் கூலிகள். கப்பல் கட்டணத்தைக்கூடக் கடனாகப் பெற்று வந்த அவர்கள், அக்கடனை உழைத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. படகுகளிலிருந்து மூட்டை இறக்கியும், காடு அழித்துக் காம்பியர், மிளகுத் தோட்டங்களை உருவாக்கியும் அவர்கள் பிழைத்தனர். உடல்வலியை மறக்க அபினியை நாடினர். இதனால் அரசின் வருவாயில் கணிசமான பங்கு, தீவின் மிக வறிய மக்களின் கூலியிலிருந்தே திரட்டப்பட்டது.

அவர்கள் நோயுற்றாலோ ஊனமுற்றாலோ செல்வதற்கு இடம் இருக்கவில்லை. பெரும்பாலோர் குடும்பம் இன்றித் தனியே வந்தவர்கள் என்பதால் வீட்டில் கவனிக்கவும் ஆளில்லை. கால் புண்களோடும் தொழுநோயோடும் தெருக்களில் பிச்சை எடுப்போரும், சாலை ஓரங்களில் இறந்துகிடப்போரும் நகரின் அன்றாடக் காட்சியாயினர். ஏழை நோயாளிகளுக்கென இருந்தவை கீற்றுக் கொட்டகைகளே. அவற்றின் பராமரிப்புக்குப் பன்றி இறைச்சி விற்பனைக் குத்தகையின் வருவாய் பயன்பட்டு வந்தது. 1830களின் பிற்பகுதியில் அந்தக் குத்தகையும் நீக்கப்பட்டதால், இருந்த சிறு ஆதரவும் நின்றுபோனது. ஏழைகளைப் பராமரிக்கும் செலவை அந்தந்த ஊர்ச் சமூகமே ஏற்க வேண்டும் என்பதே கொல்கத்தா அரசின் பொதுவான நிலைப்பாடாக இருந்தது.

5,000 ஸ்பானிய டாலர்

இந்நிலையில் 1844ஆம் ஆண்டு, ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றைக் கட்ட 5,000 ஸ்பானிய டாலர் வழங்க டோக் செங் முன்வந்தார். கம்பெனியின் கணக்குகள் ரூபாயில் எழுதப்பட்டாலும், தென்கிழக்கு ஆசிய வணிகத்தில் அன்று செல்வாக்குடன் புழங்கியது வெள்ளி நாணயமான ஸ்பானிய டாலரே ஆகும்.

1844ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி பேர்ல்ஸ் ஹில் குன்றில் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் கட்டடத்தை வடிவமைத்தார். பின்னர் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை வடிவமைத்தவரும் இவரே. ஐரோப்பிய மாலுமிகளுக்கான மருத்துவமனையும் அதே குன்றில் உடன் எழுந்தது.

கட்டடத்தைக் கட்டி முடிப்பதைவிட அதை நடத்துவதே கடினம் என்பது விரைவில் தெரிந்தது. உணவு, மருந்து, பணியாளர் ஊதியம் ஆகியவற்றுக்கான நிதி போதாமல், கட்டடம் எழுந்த பின்னரும் நோயாளிகள் காத்திருக்க நேர்ந்தது. 1849ஆம் ஆண்டில்தான் அவர்கள் அங்கு அனுமதிக்கப்பட்டனர். தொடக்கத்தில் 'சீன ஏழைகள் மருத்துவமனை' என வழங்கப்பட்ட இது, பின்னர் கொடையாளரின் பெயராலேயே அழைக்கப்பட்டது. நாளடைவில் பிற இனங்களைச் சேர்ந்த ஏழைகளும் அங்குச் சிகிச்சை பெற்றனர்.

தமது பெயர் தாங்கிய மருத்துவமனை முழுமையாகச் செயல்படுவதைக் காண டோக் செங்குக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. 1850ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி, தமது 52ஆம் வயதில் அவர் காலமானார்.

பொறுப்பை ஏற்ற பிறர்

நிறுவியவர் மறைந்ததும் நிதியின்றி முடங்கிய அறச்சாலைகள் பல உண்டு. டான் டோக் செங் மருத்துவமனை அவ்வாறு முடங்காததற்கு, தொடர்ந்து வந்தவர்கள் அதைத் தங்கள் கடமையாக ஏற்றதே காரணம்.

அவரது மனைவி லீ சியோ நியோ தென்னந்தோப்புகளுக்கு உரிமையாளராக இருந்தவர். பெண் நோயாளிகளுக்கென ஒரு பிரிவைக் கட்டும் செலவை அவர் ஏற்றார். மூத்த மகன் டான் கிம் சிங், கட்டடத்தை விரிவாக்கவும் சீரமைக்கவும் நிதி அளித்தார். அரபு வணிகரான சையது அலி பின் முகமது அல்ஜூனிட், மருத்துவமனையின் வருவாய்க்கென நிலம் வழங்கினார். சீனர் ஒருவர் தொடங்கிய மருத்துவமனையை முஸ்லிம் வணிகர் ஒருவர் ஆதரித்தது அத்துறைமுகத்தில் வியப்புக்குரியதாகக் கருதப்படவில்லை. குன்றின் அடிவாரத்துத் தெருக்களில் வணிகம் செய்த அனைவருக்கும் இறந்துகிடந்த கூலிகள் பொதுவான காட்சியாகவே இருந்தனர்.

மருத்துவமனையை இடம்பெயரச் செய்த நிகழ்வுகளில் ஒன்று, இந்திய வரலாற்றோடு நேரடித் தொடர்பு உடையது. 1857ஆம் ஆண்டு இந்தியாவில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சி சிங்கப்பூரில் இருந்த ஐரோப்பியரிடையே அச்சத்தை ஏற்படுத்தியது. தீவின் பாதுகாப்பை வலுப்படுத்தும் பணிகள் தொடங்கின. பேர்ல்ஸ் ஹில் கட்டடங்கள் இராணுவத் தேவைக்காக எடுத்துக்கொள்ளப்பட்டன. இதையடுத்து மருத்துவமனை, சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் பகுதிக்கு மாற்றப்பட்டு, 1861ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கியது.

புதிய இடம் சதுப்பு நிலத்தை ஒட்டி அமைந்திருந்தது. இட நெருக்கடியும் ஈரமும் நோயாளிகளை வாட்டின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே கழிந்தபின், கோலாலம்பூரின் ஈயச் சுரங்க அதிபர் லோக் யூ 50,000 டாலர் நன்கொடை அளிக்க முன்வந்தார். இத்தகைய உதவிகளால் மோல்மீன் சாலையில் புதிய வளாகம் அமைந்து, 1909ஆம் ஆண்டு மருத்துவமனை அங்குக் குடியேறியது. இன்றளவும் அதே வட்டாரத்தில்தான் அது உள்ளது. லோக் யூ பெரும் தொகை அளித்தபோதிலும், மருத்துவமனையின் பெயர் மாற்றப்படவில்லை.

நன்கொடை மட்டும் போதுமா?

வணிகர்களின் கொடையை மட்டுமே நம்பிப் பொதுப்பணிகளை நடத்துவதன் வரம்பைக் காட்டும் மற்றொரு நிகழ்வும் அதே காலத்தில் அதே நகரில் நடந்தது. டான் கிம் செங் என்ற வணிகர், நகர மக்களுக்குத் தூய குடிநீர் கிடைக்க வேண்டும் என்பதற்காக 1857ஆம் ஆண்டில் 13,000 டாலர் வழங்கினார். திட்டமிடலில் நேர்ந்த தவறுகளாலும் தாமதத்தாலும், குடிநீர்த் திட்டம் நிறைவேற 1870களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கொடையாளர் 1864ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அவர் நினைவாக 1882ஆம் ஆண்டில் நகராட்சி நிறுவிய நீரூற்று, இன்று எஸ்பிளனேட் பூங்காவில் காணப்படுகிறது.

இரு கொடைகளும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. அரசு தன் பங்கைச் செய்யத் தவறும்போது தனியாரின் பணம் ஒரு கட்டடத்தை எழுப்பலாம். ஆனால் அதை நாள்தோறும் இயங்கச் செய்ய, நிலையான வருவாயும் பொறுப்பேற்கும் நிர்வாகமும் தேவை. 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை இந்திய அரசின் நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டு, லண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. கொல்கத்தா தங்கள் தேவைகளைப் பொருட்படுத்துவதில்லை என்று அங்குள்ள வணிகர்கள் நெடுங்காலமாக எழுப்பி வந்த முறையீடுகளும் இம்மாற்றத்துக்கு ஒரு காரணம்.

கோயிலும் தர்காவும்

மருத்துவமனைக்கு முன்பே டோக் செங் பங்காற்றிய மற்றொரு அமைப்பு, தெலுக் ஆயர் தெருவில் உள்ள தியன் ஹோக் கெங் கோயில். 1839 முதல் 1842 வரை கட்டப்பட்ட இக்கோயிலுக்கு 3,000 டாலருக்கும் மேல் அளித்து, அவர் முதன்மைக் கொடையாளராக விளங்கினார். கடற்பயணிகளைக் காக்கும் தெய்வமாக ஹொக்கியன் மக்கள் வழிபடும் மாசூவின் திருவுருவம், சீனாவிலிருந்து 1840ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டது.

இதே தெருவில் சில அடிகள் தள்ளி அமைந்துள்ளது நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள், நாகூர் ஆண்டவர் என்று போற்றப்படும் ஷாகுல் ஹமீது அவர்களின் நினைவாக 1828 முதல் 1830 வரை இதனைக் கட்டினர். அக்காலத்தில் தெலுக் ஆயர் தெரு கடற்கரையை ஒட்டியே இருந்தது. பல நாள் கடற்பயணத்தை உயிரோடு முடித்தவர்கள் கரையிறங்கியதும் நன்றி செலுத்தச் சென்ற இடங்கள் இவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தூர்க்கப்பட்டதால், இன்று இரண்டும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அமைந்துள்ளன. சிங்கப்பூர் அரசு கோயிலை 1973ஆம் ஆண்டிலும் தர்காவை 1974ஆம் ஆண்டிலும் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்தது.

அடுத்த தலைமுறைகள்

மகன் டான் கிம் சிங், தந்தையின் வணிகத்தை அரிசி வணிகமாக விரிவாக்கினார். சயாம் எனப்பட்ட இன்றைய தாய்லாந்திலும் சைகோனிலும் அவருக்கு அரிசி ஆலைகள் இருந்தன. சிங்கப்பூரில் சயாம் நாட்டின் தூதரகப் பொறுப்பையும் அவர் வகித்தார். அந்நாட்டு மன்னர் மோங்குட் தம் பிள்ளைகளுக்கு ஆங்கில ஆசிரியை தேவை எனக் கேட்டபோது, அப்பணிக்கு அன்னா லியோனோவன்ஸ் தேர்வாக உதவியவரும் கிம் சிங்கே. 1862ஆம் ஆண்டு பாங்காக் சென்ற அன்னா, மகாராஷ்டிராவின் அகமதுநகரில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அவரது அனுபவங்களைத் தழுவி உருவானதே 'தி கிங் அண்ட் ஐ' என்ற இசை நாடகமும் திரைப்படமும்.

கொள்ளுப்பேரன் டான் பூ லியாட், 1909ஆம் ஆண்டில் மவுண்ட் ஃபேபர் அருகே ஒரு மாளிகை கட்டினார். 'கிம் சிங்' என்றால் சீன மொழியில் பொன்மணி என்று பொருள். தாத்தாவின் பெயரை நினைவுகூரும் வகையில் மாளிகைக்கு 'கோல்டன் பெல்' எனப் பெயரிடப்பட்டது. சீனக் குடியரசின் முதல் தலைவராகப் பொறுப்பேற்கத் தாயகம் திரும்பும் வழியில், சுன் யாட்-சென் 1911ஆம் ஆண்டு டிசம்பரில் இம்மாளிகையில் தங்கினார். இப்போது அது டென்மார்க் நாட்டு மாலுமிகளுக்கான தேவாலயமாக உள்ளது.

காசநோய் முதல் சார்ஸ் வரை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்கப்பூரில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்திய நோய்களுள் காசநோய் முதன்மையானது. நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர்களே இதனால் அதிகம் பாதிக்கப்பட்டனர். அந்நோய்க்கான சிகிச்சையின் மையமாக டான் டோக் செங் மருத்துவமனை உருவெடுத்தது. தொடக்கக் காலத்தில் கைவிடப்பட்ட கூலிகளை ஏற்ற மருத்துவமனை, அடுத்த நூற்றாண்டில் பிறர் அஞ்சி விலகிய நோயாளிகளை ஏற்றது.

தொற்றுநோய் மருத்துவத்தில் இவ்வாறு பெற்ற அனுபவம் 2003ஆம் ஆண்டில் சோதனைக்கு உள்ளானது. மார்ச் 22ஆம் தேதி சார்ஸ் நோய்க்கான மையமாக இம்மருத்துவமனை அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 238 பேர் பாதிக்கப்பட்டு, 33 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களுள் நோயாளிகளைக் கவனித்துவந்த சுகாதாரப் பணியாளர்கள் ஐவரும் அடங்குவர். மே 31ஆம் தேதி, சார்ஸ் பரவும் நாடுகளின் பட்டியலிலிருந்து சிங்கப்பூரை உலகச் சுகாதார அமைப்பு நீக்கியது.

இதில் கற்ற பாடங்களின் அடிப்படையில் மருத்துவமனைக்கு அருகிலேயே 330 படுக்கைகள் கொண்ட தேசியத் தொற்றுநோய் மையம் கட்டப்பட்டு, 2019ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களிலேயே கோவிட்-19 பரவியபோது, நோயாளிகளை ஏற்ற முதன்மை மையமாக அது செயல்பட்டது. அப்பெருந்தொற்றில் சிங்கப்பூரில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள், நெருக்கமான தங்கும் விடுதிகளில் வசித்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுள் இந்தியாவிலிருந்து, குறிப்பாகத் தமிழகத்திலிருந்து சென்றவர்கள் கணிசமானோர். குடும்பத்தைப் பிரிந்து, கடன் வாங்கிக் கடல் கடந்து வந்து, நகரைக் கட்டி எழுப்பும் தொழிலாளி நோயுற்றால் யார் கவனிப்பது என்ற 1844ஆம் ஆண்டின் கேள்வி, 2020ஆம் ஆண்டில் மீண்டும் அந்நகரின் முன் நின்றது. இம்முறை அதற்கான பொறுப்பையும் செலவையும் அரசே ஏற்றது.

டான் டோக் செங்கின் கல்லறை, ஊட்ரம் சாலையை ஒட்டிய குன்றுச் சரிவில் உள்ளது. அவர் மருத்துவமனை கட்டிய பேர்ல்ஸ் ஹில் அங்கிருந்து தொலைவில் இல்லை. முதல் கட்டடம் மறைந்துவிட்டது. மருத்துவமனை இருமுறை இடம் மாறியது. தொடங்கியபோது அளிக்கப்பட்ட 5,000 டாலரும் என்றோ செலவாகிவிட்டது. ஏழை நோயாளிக்கு இடம் மறுக்கக் கூடாது என்ற தொடக்க நோக்கம் மட்டும், அவருடைய பெயரோடு சேர்ந்து நிலைத்திருக்கிறது.